காத்திருந்த மூச்சு

வியாழக்கிழமை வந்துவிட்டது. பெரியவள் இன்னும் தம்பியிடம் சொல்லவில்லை.

போன வாரம் அவளை அவன் வீட்டு மாடிப்படியில் விட்டுவிட்டு வந்தோம். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அன்றைக்குப் படியேறினாள். கதவைத் திறந்த சின்னவன், "வாக்கா, உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றான். அவ்வளவுதான், வந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. பாட்டெல்லாம் முடிந்துவிட்டது, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டுடியோவில் சேர்ந்து கேட்கலாம் என்று மட்டும் சொன்னாள். அவன் கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு இறங்கிவிட்டாள்.

புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவள் பாட்டு எழுதிப் பாடுகிறவள். சின்னவன் கூட உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறவன். பதினோரு வருஷமாக எந்த மேடையிலும் அவர்களுக்கு இரண்டே நாற்காலிதான். முதல் இரண்டு ஆல்பங்களையும் அம்மாவின் தையல் அறையில்தான் பதிவு செய்தார்கள். ஜன்னலில் போர்வையை அடைத்து, அலமாரிக் கதவில் ஒரே ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு. இரண்டாவது ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டில் பக்கத்து வீட்டுக் கதவைப் படீரென்று சாத்துகிற சத்தம்கூட உண்டு. அந்தச் சத்தம் வந்தால் சிரிக்கிற ரசிகர்களும் உண்டு.

மூன்றாவது ஆல்பம் வேறு மாதிரி. ஒரு கம்பெனி தேடி வந்தது. பெரிய ஸ்டுடியோ, எந்தக் கருவி எங்கே வர வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க ஓர் அரேஞ்சர், நான்கு வயலின், பியானோ, டிரம்ஸ். சின்னவன் மூன்று வாரம் கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒன்பது பாட்டுக்கும் வாசித்துக் கொடுத்தான்.

அந்த ஒன்பதில் ஒன்றில்கூட இப்போது அவன் இல்லை. அதைத்தான் அவள் சொல்லவில்லை.

*

காலை ஒன்பதரைக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். போன வாரம் படியேறிய அதே வீடுதான், சின்னவனும் அங்கேதான் இருக்கிறான். அம்மா அவளுக்கு முன்பே கிளம்பித் தயாராக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் ஊராருக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள். எங்கே போனாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள்.

"நீயும் வரியாம்மா?"

"ஏன், வரக்கூடாதா? என் ரூம்ல பிறந்த பாட்டு. வெளியூர் போய்ப் பெரிய ஆளாயிட்டு வந்திருக்கு. பாக்க வேண்டாமா?"

சின்னவன் உள்ளே சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கேட்கத்தான் போகிறான், யாரும் அவனைப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் அவனிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையை எடுத்திருந்தான். பெரியவள் அறை வாசலில் நின்றாள். இப்போது சொல்லலாம். அம்மா கூடத்தில் இருக்கிறாள், இஸ்திரிப்பெட்டி மட்டும்தான் சாட்சி. ஆரம்பித்தும்விட்டாள்.

"டேய், உன்கிட்ட ஒரு விஷயம்..."

"நானும் ஒரு விஷயம் சொல்லணும்" என்று அவன் முந்திக்கொண்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. பன்னிரண்டு வருஷம் ஒரே கடை, ஒரே முதலாளி. ஆல்பம் வந்ததும் ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டியிருக்கும், அத்தனை நாள் விடுப்பு கேட்டால் நன்றாக இருக்காது என்று நேற்று சாயங்காலம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டானாம். முதலாளி வருத்தப்பட்டாராம். ஆனால் திங்கட்கிழமையே வேறு ஒருவரை வரச் சொல்லிவிட்டாராம்.

"இனிமே பயமில்லாம வாசிக்கலாம் பாரு" என்றான். பிறகு ஞாபகம் வந்தவனாக, அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. டாக்ஸி வந்துடும். சீக்கிரம் கிளம்பு."

அந்த வாசலில் நின்றிருந்த அரை நிமிஷத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நேற்றுக் காலை சொல்லியிருந்தால் அவன் கடிதம் எழுதியிருக்க மாட்டான். இன்றைக்குக் காலை சொல்லியிருந்தால்கூட, நேராகக் கடைக்கு ஓடி அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேட்டிருப்பான். ஆளை வரச் சொன்னவருக்கு வர வேண்டாம் என்று சொல்லவா தெரியாது?

*

டாக்ஸியில் அவள் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து அம்மாவும் சின்னவனும் பேசுவது கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பது ஒரு சௌகரியம்.

அரேஞ்சர் ஒன்பது நாளுக்கு முன்னால் அவளை மட்டும் கூப்பிட்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டுக் காட்டினார். முதல் தடவை சின்னவனின் கிட்டார். இரண்டாவது தடவை வாடகைக்கு வந்த ஒரு கிட்டார்க்காரர். ஒன்பது பாட்டையும் ஒரே பிற்பகலில், நடுவில் இரண்டு டீ குடித்துவிட்டு வாசித்து முடித்துவிட்டுப் போனவர்.

முதலாவதில் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடந்தன. வயலின்கள் நுழைகிற இடத்தில் கிட்டார் வழிவிடத் தெரியாமல் நின்றது. இரண்டாவதில் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவள் குரலே வேறொருத்தி குரல் மாதிரி, அகலமாக, நிதானமாக வந்தது.

முடிவு அவளுடையதுதான் என்று அரேஞ்சர் சொன்னார். தம்பியே வேண்டும் என்றால் அவனை வைத்தே முடித்துக் கொடுப்பதாகவும், வயலின்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்ல நாலு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் நாலு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாவதுதான் சார்" என்றாள். தம்பியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். மேடைக்கும் இதே ஆட்கள்தான் வருவார்கள் என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டினாள்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. கம்பெனி மிரட்டியது, அரேஞ்சர் ஏமாற்றினார் என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆசைப்பட்டது அவள். முப்பத்தெட்டு வயது. சாப்பிடுகிறவர்களின் பேச்சுச் சத்தத்துக்கும் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவில் பதினோரு வருஷம் பாடியிருக்கிறாள். பாட்டு எழுதும்போதெல்லாம் தலைக்குள் வயலின்கள் கேட்கும். வெளியில் வந்தால் ஒரு கிட்டார்தான் இருக்கும். இப்போது தலைக்குள் இருந்தது அப்படியே ஸ்பீக்கரில் வந்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

"என்னடி, ஒரு வார்த்தை பேசாம வரே?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

தலைவலி என்றாள்.

*

ஸ்டுடியோவில் ஜன்னலே இல்லை. அம்மா உள்ளே நுழைந்ததும் அதைத்தான் சொன்னாள். சுவரெல்லாம் துணி ஒட்டியிருப்பதைத் தடவிப் பார்த்து, மடிப்பில்லாமல் நன்றாக அடித்திருக்கிறார்கள் என்று நற்சான்றிதழ் கொடுத்தாள். அரேஞ்சர் சிரித்துக்கொண்டே அவளை நடு சோபாவில் உட்கார வைத்தார். சின்னவன் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீங்க வந்தது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்" என்றார். எல்லாம் தெரிந்தும் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சொன்னார். வெட்கத்தில் சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவளுக்குத்தான் அந்த வாக்கியம் எங்கே போய்க் குத்தப் போகிறது என்று தெரியும்.

எந்தப் பாட்டு முதலில் என்று அரேஞ்சர் கேட்டதற்கு, "சட்டைப் பாட்டு" என்றான் சின்னவன்.

அப்பா இறந்துபோன வாரத்தில் பிறந்த பாட்டு அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவள் எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கிட்டாரில் இடம் தேடிக் கொடுத்தான்.

விளக்கைக் குறைத்தார்கள். பியானோ ஒற்றைச் சுரமாக ஆரம்பித்தது. அதன் கீழே கிட்டார் வந்தது. சின்னவனின் இடது கை விரல்கள் தாமாகவே முழங்காலில் ஏறி, கூடவே வாசிக்கத் தொடங்கின.

*ஆணியில் தொங்குது அப்பா சட்டை,*
*அதுக்குள்ளே யாரும்...*

இந்த இடத்தில் மோதிர விரல் கிட்டார்க் கழுத்தில் மூன்று கட்டம் தாண்டிப் போய் விழ வேண்டும். முழங்காலில் அந்த விரல் போய் விழுந்தது. ஸ்பீக்கரில் கிட்டார் அதற்கு முன்பே விழுந்திருந்தது.

*...இல்லை.*

விரல்கள் நின்றுவிட்டன.

பெரியவள் பாட்டைக் கேட்கவே இல்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முழங்காலில் அப்படியே கிடந்தது. வயலின்கள் நுழைந்தன, டிரம்ஸ் நுழைந்தது, அவள் குரலுக்கு மேல் அவள் குரலே இன்னொரு தளத்தில் ஏறியது. நான்கு நிமிஷம் அந்தக் கை அசையவில்லை.

பாட்டு முடிந்தபோது அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டைக்குப் பித்தான் தைத்தவளே அவள்தான். மூக்கை உறிஞ்சிவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"பதினோரு வருஷமா கேக்கறேன். இவ்வளவு நல்லா நீ வாசிச்சு நான் கேட்டதே இல்லடா."

அரேஞ்சர் சட்டென்று பெரியவளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிக்கொண்டு மேஜையில் எந்த வேலையும் இல்லாத ஒரு பொத்தானைத் திருப்பினார்.

"ஆமாம்மா" என்றான் சின்னவன். "நல்லா வந்திருக்கு."

இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டார்கள். இந்தத் தடவை கையை மார்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்டான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனான்.

*

நடைபாதைக் கடைசியில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கையில் காகித டம்ளர், அதில் தண்ணீர் பிடிக்கவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒம்பது நாள்."

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அவன் உதடு அசைவதிலேயே அவளுக்குத் தெரிந்தது. ராஜினாமா கொடுத்தது நேற்று.

அவள் பேச ஆரம்பித்தாள். எங்கெங்கோ ஆரம்பித்து எங்கெங்கோ போனாள். சொல்லத்தான் மாடிப்படி ஏறினேன் என்றாள். காலையில்கூடச் சொல்ல வாயெடுத்தேன் என்றாள். இப்போதே உள்ளே போய் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறேன், உன் வாசிப்பு அங்கேதான் இருக்கிறது, அழிக்கவில்லை என்றாள்.

"வேண்டாம்."

"ஏன்டா?"

"நல்லா இருக்குக்கா. அதுதான் பிரச்னை. மோசமா இருந்தா இங்கயே உன்னோட சண்டை போட்டிருப்பேன்."

அவன் டம்ளரின் விளிம்பை நகத்தால் நெருடிக்கொண்டே, மெதுவாக, தனக்குத் தானே விளக்கிக்கொள்வது போலப் பேசினான். 'யாரும்' முடிந்து 'இல்லை' வருவதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு நிறுத்துகிறாள். இத்தனை வருஷமும் அது பாட்டிலேயே இருக்கிற இடம், அவள் அப்படித்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கிட்டார் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அவள் மட்டும் யாருக்காகவோ நின்றுகொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில் வயலினை இழுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள்.

"எனக்காகத்தானே நின்னே?"

அவன் வாசிப்பைக் காதில் கேட்டுக்கொண்டுதான் அவள் ஸ்டுடியோவிலும் பாடினாள். பழக்கத்தில் நின்றிருக்கிறாள்.

"ஆமா."

"முதல் நாள்லேர்ந்தா?"

"ஆமா."

"ஒரு தடவை சொல்லியிருந்தா ராத்திரி பகலா உக்காந்து சரிபண்ணியிருப்பேனே. பதினோரு வருஷம் தப்பா வாசிச்சிருக்கேன், எனக்கே தெரியாது. நீ தினமும் நின்னு நின்னு பாடியிருக்கே."

"உன் மனசு கஷ்டப்படும்னு..."

"அப்பவும் என் மனசு. இப்பவும் என் மனசு." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "என் மனசை நீயே பாத்துக்கிட்டே இருந்தா, என்கிட்ட எதைத்தான் சொல்லுவே?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் சமாதானப்படுத்த வந்துவிடுவான் என்று தெரிந்து அடக்கிக்கொண்டாள். அந்த அளவுக்காவது அன்றைக்கு அவளுக்கு யோக்கியதை இருந்தது.

மேடைக்குத் தான் உண்டா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். அதையும் கேட்டுக்கொண்டான்.

காகித டம்ளரைக் குப்பைத்தொட்டியில் போட்டான். கடைக்குப் போய் முதலாளியைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். நானும் வந்து பேசுகிறேன் என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தான். கதவுவரை போனவன் நின்று திரும்பினான்.

"ஒண்ணு மட்டும். பாவம் பாத்து ஒரே ஒரு பாட்டுல என்னைச் சேத்துடாதே. அம்மாகிட்ட, கடையில அவசரமா கூப்பிட்டாங்கன்னு சொல்லிடு."

அம்மாவிடம் சொல்ல இன்னொரு பொய்யை அவனே கொடுத்துவிட்டுப் போனான்.

*

உள்ளே அம்மா, உதவியாளர் கொடுத்த டீயை வரவேற்பறையில் குடித்துக்கொண்டிருந்தாள். கடையில் கூப்பிட்டார்கள் என்று பெரியவள் சொன்னதை நம்பினாள். ராஜினாமா கொடுத்தவனை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அரேஞ்சர் தனியாக இருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தப்பு உங்கள் மேல் இல்லை என்று பெரியவள் தடுத்துவிட்டாள். தம்பி வாசித்ததையும் தன் குரலையும் மட்டும், வேறு எதுவும் இல்லாமல் ஒரு தடவை போடச் சொன்னாள்.

வந்தது. விரல் கம்பியில் உரசுகிற சத்தம், அவன் மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் எல்லாம் இருந்தது. பழைய பாட்டு அப்படியே எதிரில் வந்து உட்கார்ந்தது. அந்த இரண்டாம் வரியில் கிட்டார் தாமதமாக வந்தது. அவள் அதற்காக நின்றாள். சேர்ந்து இறங்கினார்கள்.

அழகாகத்தான் இருந்தது. சின்னதாகவும் இருந்தது. இரண்டுமே உண்மை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இது மோசம் என்றோ, அது போலி என்றோ ஒன்றைத் தள்ளிவிட முடிந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இந்த ஒரு பாட்டை மட்டும் இப்படியே விட்டுவிடலாமா என்று அரேஞ்சரே கேட்டார். தன்னால் முடியும் என்றார். மூன்று மணிக்குப் பாட்டுகளைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் சொன்னால் போதும் என்றார்.

சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கதவருகே அவன் திரும்பி நின்றதை நினைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். எல்லாம் புதுசே இருக்கட்டும்."

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எப்போதும் போல நேராக விழுந்தது. அதற்காகவும் தன் மேல் கோபம் வந்தது.

*

வரவேற்பறைக்கு வந்தபோது அம்மா மேஜையில் கிடந்த ஆல்பம் அட்டையின் மாதிரியைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. கடைசியில நன்றின்னு போட்டு, அம்மாவுக்கு, தம்பிக்குன்னு எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கே. நல்லாருக்கு. ஆனா மேல, கிட்டார்னு இருக்கிற இடத்துல வேற யாரோ பேர் இருக்கு. அச்சுல தப்புப் பண்ணிட்டாங்க. உள்ள போய் மாத்தச் சொல்லு."

பெரியவள் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். சரிம்மா, சொல்லிடறேன் என்று ஒரு வார்த்தை போதும். வீடு போய்ச் சேரலாம். அட்டை அச்சாகி வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

"தப்பு இல்லம்மா. அவர்தான் வாசிச்சார்."

அம்மாவின் விரல் அந்தப் பெயரின் மேலேயே இருந்தது.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். நான்தான் மாத்தினேன். அவன்கிட்ட சொல்லல. அவன் இப்போ உள்ள உக்காந்து கேட்டப்பதான் கண்டுபிடிச்சான்."

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி அட்டையின் மேல் வைத்தாள்.

"நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்?" என்றாள். "இவ்வளவு நல்லா நீ வாசிச்சதே இல்லேன்னு சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"உனக்குத் தெரியாதும்மா."

"அவன் ஆமாம்மான்னான்."

அம்மா போனுக்காகக் கையை நீட்டினாள். பெரியவள் போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். நாலைந்து மணி அடித்தபின் அவன் எடுத்தான் போலிருக்கிறது. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை, எதையும் விளக்கவில்லை. எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு நிறைய நேரம் அவன் பேசினான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை, "திங்கக்கிழமை அந்தப் புது ஆள் வந்துடுவாரா?" என்றாள். இன்னொரு தடவை, "நீ நல்லா வாசிக்கிறியான்னு எனக்கு எப்படிடா தெரியும்? அதை நீயே அவகிட்ட கேளு" என்றாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

கடைசியில் போனைக் காதிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"அவன் ஒண்ணு கேக்கப் போறான்" என்றாள். "அவன் மனசு கஷ்டப்படும்னு பாக்காம பதில் சொல்லு."

பெரியவள் போனை வாங்கிக்கொண்டாள்.